உயில் எழுதுவோம், உறவைக் காப்போம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "எலெக்ட்ரிக் கார் பத்தியோ ஏ.ஐ. பத்தியோ ஒரு அரை மணி நேரம் பேசுப்பா" என்றார். "அண்ணே, நான் உயில் பத்திப் பேசறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏம்பா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். (சிரிப்பு)

இதுதான் நம்ம ஊர் நிலைமை. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுக்கிறோம். அதுவும் நாம் இல்லாத நாளைக் கணக்கில் வைத்துத்தான். அதை யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை. உயில் என்ற வார்த்தையை எடுத்தால் மட்டும் வீட்டில் விளக்கு வைத்த நேரத்தில் பேசாதே என்கிறார்கள். அறுபது வயசு ஆகட்டும், எழுபது ஆகட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைரேகை வாங்குகிற கதையாக முடிகிறது. அப்படி வாங்கிய உயில்தான் கோர்ட்டில் அதிகம் அடிபடுகிறது.

நான் வக்கீல் இல்லை, உங்களைப் போல ஒரு இன்ஜினியர். ஆகவே ஒரு இன்ஜினியர் மற்ற இன்ஜினியர்களுக்குச் சொல்கிற மாதிரி, ஸ்பெசிபிகேஷன் என்ன, எங்கே பெயிலியர் வருகிறது, எப்படித் தடுப்பது என்ற அளவில் சொல்கிறேன். உங்கள் குடும்பத்துக்கே உரிய சிக்கல் இருந்தால் நல்ல வக்கீலைப் பாருங்கள். அந்தச் செலவு, பின்னால் வரக்கூடிய வழக்குச் செலவில் ஒரு சிறு பகுதிதான்.

உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

உயில் எழுதாதவருக்கு உயில் இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அவருக்காகச் சட்டமே ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் டிபால்ட் செட்டிங் மாதிரி. நாம் மாற்றாவிட்டால் அதுதான் ஓடும்.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். தாய் என்பதைக் கவனியுங்கள். தந்தை முதல் வகுப்பில் இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு. மனைவிக்குத்தான் எல்லாம் என்று இங்கே இருக்கிற கணவன்மார்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவியும் குழந்தைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, குழந்தைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்ற தாய்க்கு அங்கே எதுவும் இல்லை. அம்மாவைக் காப்பாற்றி வரும் கிறிஸ்தவ நண்பர் உயில் எழுதாமல் போனால், அந்த அம்மா பேரப்பிள்ளைகளின் தயவில்தான் நிற்க வேண்டும். இஸ்லாமிய நண்பர்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம். அதில் கடன், இறுதிச்சடங்குச் செலவு போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் மூலம் கொடுக்க வேண்டுமானால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

இனி நம் சகோதரிகளுக்கு. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். பிள்ளையும் இல்லை, கணவனும் இல்லை என்றால் அடுத்து யாருக்கு? பெற்ற தாய் தந்தைக்கு என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கணவனுடைய வாரிசுகளுக்கு. பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பும். அவரே உழைத்துச் சம்பாதித்ததற்கு அந்த விதிவிலக்கு இல்லை.

2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. திருமணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்த பெண். புகுந்த வீட்டார் விரட்டிவிட்டார்கள். பிறந்த வீட்டார் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய் பேங்க் கணக்கு, பி.எஃப். எல்லாம் சேர்த்தார். 1996இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். படிக்க வைத்த தாய் ஒரு பக்கம், விரட்டிய வீட்டார் ஒரு பக்கம். அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்று நீதிமன்றம் புகுந்த வீட்டாருக்கே கொடுத்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதி வையுங்கள் என்று வேண்டுகோள் விடுத்திருக்கிறது. நம் கல்லூரியில் படித்துச் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு தங்கையும் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஒரு நண்பனின் வீடு

எங்கள் செட்டில் ஒருவன் 36 வயதில் மாரடைப்பில் போய்விட்டான். பெயர் வேண்டாம். அவன் மனைவியின் அனுமதியோடுதான் சொல்கிறேன். "நாலு பேருக்கு உபயோகப்படும்னா சொல்லுங்கண்ணா" என்றார்.

சென்னையில் ஒரு பிளாட், கணவன் மனைவி இருவர் பெயரிலும், ஆளுக்குப் பாதி. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சின்னக் குழந்தைகள். ஊரில் அவனுடைய அம்மா. அப்பா முன்பே காலமாகிவிட்டார். பிளாட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டுத் திருச்சியில் பெற்றோர் பக்கத்தில் போய் இருக்கலாம் என்று அந்தத் தங்கை முடிவு செய்தார். நியாயமான முடிவு.

கணக்கைப் பாருங்கள். அவனுடைய பாதி, மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்காகப் பிரிந்தது. ஆளுக்கு எட்டில் ஒன்று. மனைவிக்கு எட்டில் ஐந்து, குழந்தைகளுக்கு ஆளுக்கு எட்டில் ஒன்று, அம்மாவுக்கு எட்டில் ஒன்று. குழந்தைகள் மைனர். மைனரின் பங்கை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு மனுப் போட்டார்கள். வாங்க வந்தவர் காத்திருக்கவில்லை, வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். இ.எம்.ஐ. மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது.

அந்த அம்மா நல்லவர். "எனக்கு எதுக்கும்மா வீடு, எங்கே கையெழுத்துப் போடணும்னு சொல்லு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மகன் போன துக்கத்தில், கையெழுத்துப் போடுவதற்குள் அவரும் போய்விட்டார். அவருடைய எட்டில் ஒன்றில் பாதி நண்பனின் அக்காவுக்கு, பாதி பேரக்குழந்தைகளுக்கு. அக்கா வெளிநாட்டில். அவருடைய பங்கு பதினாறில் ஒன்று, ஒரு படுக்கை அறை அளவுகூட வராது. ஆனால் அவர் தூதரகத்தில் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி அனுப்பாமல் விற்பனை நடக்காது. எல்லாம் முடிய இரண்டரை வருஷம்.

இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை. மாமியார் நல்லவர், நாத்தனார் நல்லவர், பேங்க் மேனேஜர் கூடத் தன்மையானவர். எல்லோரும் நல்லவர்களாக இருந்தே இரண்டரை வருஷம். "என் பங்கு என் மனைவிக்கு" என்று அவன் ஒரு பக்கத்தில் முறைப்படி எழுதி வைத்திருந்தால் மைனர் பங்கும் இல்லை, அதற்கான கோர்ட் மனுவும் இல்லை.

நாமினி போட்டாச்சே!

இதைச் சொன்னதும் பலர் கேட்பது: "நான்தான் எல்லாத்துக்கும் நாமினி போட்டுட்டேனே?" நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர்தான், சொந்தக்காரர் இல்லை. பேங்க் அவரிடம் கொடுத்துவிட்டால் பேங்கின் கடமை தீர்ந்தது. வாரிசுகள் அவரிடம் கேட்டு வாங்கலாம். ஆயுள் காப்பீடு பற்றி 1983இலும், கம்பெனிப் பங்குகள் பற்றி 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் அவர்களுக்கே உரிமை என்று ஆனது. 2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். அவசியம் போடுங்கள், பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் உயிலிலும் நாமினியிலும் ஒரே பெயர் இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட நாமினியை இன்னும் மாற்றாதவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். (சிரிப்பு)

செல்லுபடியாகும் உயிலின் ஸ்பெசிபிகேஷன்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. நம்முடைய ஐ.எஸ். கோடுகளைவிடச் சிறியது, எளிமையானது.

ஒன்று: எழுதுபவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், தெளிந்த மனநிலை வேண்டும்.

இரண்டு: அவர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். முடியாதபட்சத்தில் அவர் சொல்லி, அவர் முன்னிலையில் இன்னொருவர் போடலாம். உயிலுக்கு உயிர் கொடுக்கவே போட்ட கையெழுத்து என்று தெரியும் இடத்தில் அது இருக்க வேண்டும். கடைசி வரிக்குக் கீழே போடுவது உத்தமம்.

மூன்று: குறைந்தது இரண்டு சாட்சிகள். ஒவ்வொருவரும் எழுதுபவர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு எழுதுபவர் முன்னிலையில் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இருந்தால் நல்லது.

அவ்வளவுதான். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். டைப் செய்யலாம், கையாலும் எழுதலாம். ஆனால் முழுக்கக் கைப்பட எழுதினாலும் சாட்சி இல்லாவிட்டால் செல்லாது. சில வெளிநாடுகளில் அது செல்லும், இங்கே செல்லாது. அதேபோல் வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியும், செல்போனில் எடுத்த வீடியோவும் உயில் ஆகாது. முறையான உயிலுக்குத் துணையாக வீடியோ எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

பெயிலியர் எங்கே வருகிறது? பெரும்பாலும் மூன்றாவது அம்சத்தில். அப்பா இன்றைக்குக் கையெழுத்துப் போடுவார். மகன் அதை எடுத்துக்கொண்டு போய் நாளைக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குவான். அவர்கள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. பின்னால் யாராவது ஆட்சேபித்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி, "போட்டதைப் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் உயில் போச்சு.

ஆகவே சாட்சியை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். உங்களைவிட வயதில் இளையவர், விலாசம் தெரிந்தவர், கூப்பிட்டால் வரக்கூடியவர். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. பங்கு பெறுகிறவரையும் அவருடைய கணவன் அல்லது மனைவியையும் சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படிப் போட்டால் அந்தப் பங்கே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை என்றாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். வயதானவர் எழுதினால், நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்று அன்றைய தேதியிலேயே வாங்கி இணைத்துவிடுங்கள். அந்த டாக்டரே ஒரு சாட்சியானால் இன்னும் பலம்.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு இன்னொரு குறிப்பு. திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். மறுபடி எழுத வேண்டும். இந்துக்களுக்கு அப்படி இல்லை; அதனால்தான் பழைய உயில் அப்படியே நின்று புது மனைவியை வெளியே நிறுத்தும் ஆபத்து உண்டு.

என்ன எழுதுவது?

முதல் பாராவில் பெயர், வயது, தகப்பனார் பெயர், விலாசம், தேதி. அடுத்து, "இதற்கு முன் எழுதிய உயில்களை எல்லாம் ரத்து செய்கிறேன்" என்ற வரி. டிராயிங்கில் ரிவிஷன் நம்பர் போட்டுப் பழசில் சூப்பர்சீடட் என்று முத்திரை குத்துகிறோமே, அதே வேலை. கடைசியாக எழுதிய உயில்தான் நிற்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

பிறகு சொத்து விவரம். "ஊரில் இருக்கிற நிலம்" என்று எழுதாதீர்கள். கிராமம், சர்வே நம்பர், பட்டா எண், பரப்பளவு, நான்கு எல்லை, கிரயப் பத்திரத்தின் எண், ஆண்டு. பேங்க் கணக்குக்கு எந்த பேங்க், எந்தக் கிளை. நகையை "பெரியவளுக்குப் பாதி, சின்னவளுக்குப் பாதி" என்றால் சண்டைக்கு அடிக்கல் நாட்டுகிறீர்கள். எந்த நகை யாருக்கு என்று எழுதுங்கள்.

நம்முடையதை மட்டும்தான் எழுத முடியும். சுயார்ஜிதச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் நம் பங்கை மட்டுமே எழுதலாம். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் பெண் பிள்ளைகளுக்கும் அதில் பிறப்புரிமை கொடுத்துவிட்டன. தாத்தா சொத்து முழுவதையும் "மூத்த மகனுக்கு" என்று எழுதினால் அது நிற்காது.

நான்கு வரிகள் எல்லோரும் மறக்கிறவை. ஒன்று, நான் சொல்லிய நபர் எனக்கு முன்னாலேயே இறந்துவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு என்பது. இரண்டு, இதில் குறிப்பிடாத, இனிமேல் நான் வாங்கக்கூடிய மற்ற எல்லாச் சொத்தும் யாருக்கு என்பது. இது இல்லாவிட்டால் உயிலுக்குப் பிறகு வாங்கிய மனை டிபால்ட் செட்டிங்குக்குப் போய்விடும். மூன்று, மைனர் குழந்தைகளுக்குக் கார்டியன் யார் என்பது. கணவன் மனைவி இருவரும் ஒரே காரில் போகிற காலம் இது. யோசித்துப் பெயர் போடுங்கள், போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். நான்கு, உயிலை நிறைவேற்றப்போவது யார் என்பது. வக்கீல்கள் எக்ஸிக்யூட்டர் என்பார்கள். சைட் இன்ஜினியர் இல்லாமல் டிராயிங் மட்டும் வைத்துக் கட்டடம் எழும்பாது.

ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்றால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "மூத்தவனுக்குப் படிப்புக்கும் வீடு கட்டவும் முன்பே கொடுத்துவிட்டேன்" என்பது போல. இயல்பான வாரிசை ஒதுக்கிவிட்டுக் காரணமே சொல்லாத உயிலை, அதிலும் பலன் பெறுகிறவரே முன்னின்று எழுத வைத்த உயிலை, நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். 1958ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதற்கு இன்றும் வழிகாட்டி. அதைவிட முக்கியம், அந்த ஒரு வரியை நாளைக்கு உங்கள் பிள்ளை படிப்பான். "அப்பா என்னை வெறுக்கவில்லை" என்று அவன் தெரிந்துகொள்வதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

பதிவும் பாதுகாப்பும்

உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். முத்திரைத்தீர்வை கிடையாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் காகிதம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். உறையில் முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் பதிவு செய்துவிட்டதாலேயே உயில் செல்லும் என்று அர்த்தமில்லை. சாட்சிகளும் மனநிலையும்தான் அஸ்திவாரம். பதிவு அதன் மேல் பூசுகிற சிமெண்ட்.

அசலை பேங்க் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்காதீர்கள். லாக்கரைத் திறக்க உயில் வேண்டும், உயிலை எடுக்க லாக்கரைத் திறக்க வேண்டும் என்று ஆகிவிடும். நிறைவேற்றுபவருக்கு அது இருக்கும் இடம் தெரிய வேண்டும். கூடவே ஒரு பட்டியல்: எந்தெந்தக் கணக்கு, பாலிசி, மியூச்சுவல் ஃபண்ட், யாரிடம் கடன், யாருக்குக் கொடுத்தது. பத்து வருஷம் யாரும் கேட்காத பேங்க் டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. அதைத் தேடுவதற்கென்றே 2023இல் உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. போன பணத்தை வாரிசுகள் கேட்டு வாங்கலாம். ஆனால் இருப்பதே தெரியாவிட்டால் எதைக் கேட்பது?

புரோபேட் பற்றியும் கேட்பீர்கள். சென்னை நகர எல்லைக்குள் எழுதிய, அல்லது அங்கே உள்ள மனை, வீடு பற்றிய இந்து உயிலுக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட் வாங்குவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அதற்குக் காரணமான 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. தகராறு வருமென்று தோன்றினால் விரும்பி வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய விவகாரம் கையில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

ஓய்வு பெற்ற சீனியர்கள் பலர் முன் வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன். பிள்ளைகள் வந்து, "உயில் எதுக்குப்பா, செட்டில்மெண்ட்டா எழுதிடுங்க, பின்னால பிரச்சினை இருக்காது" என்பார்கள். வித்தியாசம் தெரிந்து கையெழுத்துப் போடுங்கள். செட்டில்மெண்ட் பதிவான அன்றே சொத்து கை மாறிவிடும். பொதுவாக நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் பேசும். அதுவரை வீடு உங்களுடையது, மனசு மாறினால் கிழித்தும் போடலாம்.

எழுதிக் கொடுத்தபின் பிள்ளை கவனிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் வழி சுலபம். எழுபது வயசில் சொந்த வீட்டுக்காகச் சொந்தப் பிள்ளை மேல் மனுப் போடும் நிலைமை எதிரிக்கும் வேண்டாம். பெரிய மனசோடு கொடுங்கள், உயில் மூலமாகக் கொடுங்கள். எஸ்டேட் டியூட்டி என்ற மரண வரி 1985லேயே ஒழிந்தது. வரிக்குப் பயந்து அவசரப்பட வேண்டியதும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, இந்தியாவில் இருக்கும் நிலம், வீடு இந்தியச் சட்டப்படிதான் போகும். இங்குள்ள சொத்துக்குத் தனி உயில், அங்குள்ளதற்குத் தனி உயில் எழுதுவது வசதி. ஒரே ஒரு ஜாக்கிரதை: "முந்தைய உயில்களை எல்லாம் ரத்து செய்கிறேன்" என்ற வரியை அங்கே பொத்தாம்பொதுவாக எழுதினால் இங்குள்ளதும் ரத்தாகிவிடும். எந்த நாட்டுச் சொத்துக்கு என்று குறிப்பிடுங்கள்.

நம் தொழில்காரர் ஒருவர் எழுதிய உயில்

உலகத்திலேயே புகழ்பெற்ற உயிலை எழுதியவர் ஒரு கண்டுபிடிப்பாளர், நம்ம ஆள். டைனமைட் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபல். 1895 நவம்பர் 27 அன்று பாரிஸில் நான்கு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டார். வக்கீலைக் கலக்கவில்லை. பரிசு கொடுக்க வேண்டும் என்றார்; பணத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு அமைப்பே அப்போது இல்லை. பரிசுக்குரியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிறுவனங்களை முன்கூட்டிக் கேட்கவும் இல்லை. 1896 டிசம்பர் 10இல் இறந்தார். உறவினர்கள் எதிர்த்தார்கள். எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்றே விவாதம் நடந்தது.

அதைக் காப்பாற்றியது யார்? அவர் எக்ஸிக்யூட்டராக நியமித்த இரண்டு இன்ஜினியர்கள். அவர்களில் ஒருவரான ராக்னர் சோல்மனுக்கு வயது 26. பாரிஸிலிருந்த பத்திரங்களைக் குதிரை வண்டியில் ஏற்றி அவரே காவலிருந்து அனுப்பி வைத்தார். நோபல் அறக்கட்டளையின் விதிகள் 1900இல்தான் ஒப்புதல் பெற்றன, முதல் பரிசு 1901இல். அவ்வளவு பெரிய மேதை எழுதிய உயிலின் ஓட்டைகளை அடைக்க நாலைந்து வருஷம் பிடித்தது. சரியான ஆளை நியமித்ததால் பிழைத்தது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் சொத்து இல்லை, உயில் எதற்கு என்று சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு வேலை இருக்கிறது. முதல் சம்பளம் வந்து பி.எஃப்., இன்ஷூரன்ஸ் பாரம் நீட்டும்போது நாமினி கட்டத்தை யோசித்து நிரப்புங்கள். அடுத்து, லீவில் ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவிடம் பேசுங்கள். "எனக்கு என்ன எழுதினீங்க?" என்று கேட்காதீர்கள். "அம்மாவுக்கு ஒரு கஷ்டம் வராம ஏற்பாடு பண்ணியாச்சாப்பா?" என்று கேளுங்கள். கேட்கிற விதத்தில் இருக்கிறது.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் உட்கார்ந்து சொத்துப் பட்டியல் போடுங்கள், கடனையும் சேர்த்து. அதற்கடுத்த ஞாயிறு யாருக்கு எது, யார் கார்டியன், யார் எக்ஸிக்யூட்டர் என்று பேசுங்கள். சண்டை வந்தால் வரட்டும். இப்போது நீங்கள் இருவரும் போடுகிற சண்டை, பின்னால் பிள்ளைகள் போடுகிற சண்டையைவிட மலிவு. மூன்றாவது ஞாயிறு எழுதி, இரண்டு சாட்சிகளைக் காபிக்குக் கூப்பிடுங்கள். பிள்ளை பிறந்தால், வீடு வாங்கினால், விற்றால் எடுத்துப் பார்த்து ரிவிஷன் போடுங்கள்.

அடுத்த ஆண்டு கூடலில் உங்களைப் பார்க்கும்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் "எழுதியாச்சா?" என்று கேட்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.  எல்லோரும் நீடூழி வாழ்க, உயில் பல காலம் உறையிலேயே இருக்கட்டும். வணக்கம்.